மலையேறிய விஞ்ஞானம்

விடிவதற்குள் போடியிலிருந்து ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. போடிமெட்டின் வளைவுகளைக் கடந்து, பூப்பாறை வழியாக சாந்தன்பாறைத் தோட்டங்களில் ஆட்களை இறக்கிவிடும்போது பனி விலகியிருக்காது. காய் பறிக்க வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். செடியடியில் குனிந்து, சரத்தில் முற்றிய காயை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். அந்தச் செடியின் பின்னால் ஒரு பல்கலைக்கழகத்தின் கதை இருக்கிறது.

கேரளத்தின் வேளாண் கல்லூரி 1955-ல் திருவனந்தபுரத்தை அடுத்த வெள்ளாயணியில் தொடங்கியது. (இதில் தமிழ்நாடு மூத்தது. 1868-ல் சைதாப்பேட்டையில் முளைத்த வேளாண் கல்வி 1906-ல் கோவைக்கு இடம்பெயர்ந்தது.) வெள்ளாயணி வகுப்பறைக்கும் ஏலமலைக்கும் வெகு தூரம். ஆனால் 1956-லேயே சாந்தன்பாறைக்குத் தெற்கே, நெடுங்கண்டத்தை அடுத்த பாம்பாடும்பாறையில் ஏல ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. தேவிகுளம், பீர்மேடு யாருக்கு என்ற வழக்கு கேரளத்தின் பக்கம் முடிந்ததும் அதே ஆண்டுதான். 1972-ல் கல்லூரி, நிலையம் இரண்டும் புதிய கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன.

மலபார், மைசூர், வழுக்கை என ஏலத்தில் மூன்று இனங்கள். சரம் தரையில் படர்ந்தால் மலபார், நிமிர்ந்து நின்றால் மைசூர், இரண்டும் கலந்தது வழுக்கை. நல்ல செடிகளைத் தேடிச் சேர்த்து, வளர்த்து, கழித்துக்கட்டுவதுதான் நிலையத்தின் முக்கிய வேலை. பாலக்காட்டு எல்லையான வாளையாரில் சேகரித்த செடிகளிலிருந்து கிடைத்தது பி.வி.1 ரகம். அதன் நாற்றுகளிலிருந்து வந்தது பி.வி.2. மழைக்காலத்தில் காயைக் கொல்லும் நோய்க்கு ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளிலும் 'அழுகல்' என்றே பெயர். தோட்டத்தார் சொன்னதை விஞ்ஞானிகள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

1978-ல் அன்றைய ஏலக்காய் வாரியமும் மயிலாடும்பாறையில் தன் பங்குக்கு ஓர் ஆராய்ச்சிக் கூடம் திறந்தது. ஆனால் மலையை மாற்றிய செடி இரண்டிலிருந்தும் வரவில்லை. கட்டப்பனைப் பகுதி விவசாயி சபாஸ்டியன் ஜோசப் தன் தோட்டத்தில் தேர்ந்தெடுத்து வளர்த்த 'ஞள்ளானி', 1990-களில் இடுக்கி முழுக்கப் பரவியது. குடும்பப் பெயரையே செடிக்கு வைத்துவிட்டார். ஆய்வாளர்களுக்கு இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர்கள் செய்துவந்த அதே தேர்வைத்தான் அவரும் செய்தார், அவர்களைவிட நெருக்கமாகச் செடியைப் பார்த்து. விவசாயி உருவாக்கும் ரகத்துக்கும் உரிமை உண்டு என்று சட்டம் ஏற்றது 2001-ல்தான்.

விளைச்சலோடு மருந்தும் பெருகியது. பேனுக்கும் துளைப்பானுக்கும் அடிக்கும் மருந்து காயில் தங்கியதால் வெளிநாட்டுச் சந்தையில் சரக்கு திரும்பியதுண்டு. எவ்வளவு, எப்போது அடிப்பது என்று பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு தோட்ட உரிமையாளரின் காதோடு நின்றால் போதாது. தெளிப்பானைத் தோளில் சுமப்பவர் போடி, கம்பத்துத் தமிழர். இப்போது ஜார்க்கண்ட், அசாம் இளைஞர்களும் உண்டு. மலையாளத்தில் அச்சான கையேடு அவர்களுக்கு எதற்கு?

மாலையில் ஜீப்புகள் இறங்குகின்றன. பறித்த காய் ஸ்டோரில் இரவெல்லாம் உலர்கிறது. சில நாட்களில் அதுவும் மலையிறங்கி, போடியில் ஏலத்துக்கு வரும்.