காற்றை இறக்கத் தெரிந்தால் உழவு மிச்சம்! டிராக்டருக்கு ஏற்ற கையடக்க கம்பிரசர் எது?

மலையடிவாரத்தில் ஐப்பசி மழை விழுந்ததும் வாசுதேவநல்லூர், புளியங்குடி, சிவகிரிப் பக்கம் டிராக்டர்களுக்கு ஓய்வே இருக்காது. செம்மண் காட்டில் ஈரம் நிற்பது சில நாள்தான். அதற்குள் உழுதாக வேண்டும். அந்த நேரம் பார்த்துச் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும்.

"என்ன அண்ணாச்சி, வண்டி நகரவே மாட்டேங்குது?" என்று நிலத்துக்காரர் கேட்பார். "ஈரம் கூடிப்போச்சு" என்பார் டிரைவர். ஈரம் மட்டும் காரணமல்ல. டயரில் இருக்கும் காற்றும் பல நேரம் காரணம்.

காற்று கூடினால் என்ன நஷ்டம்?

ஆரம்பத்தில் டிராக்டர்களுக்கு இரும்புச் சக்கரம்தான். 1932-இல்தான் அமெரிக்காவின் ஆலிஸ் சால்மர்ஸ் நிறுவனம் ஃபயர்ஸ்டோன் காற்று டயர்களோடு டிராக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. காற்று டயரின் பலமே, மண்ணில் பரந்து படிந்து பிடிப்பதுதான். அளவுக்கு மீறிக் காற்று அடித்தால் டயர் நடுப்பகுதியில் மட்டும் நிற்கும். ஓரத்துப் பட்டன்கள் மண்ணைப் பிடிக்காது. சக்கரம் வழுக்கும், டீசல் கரையும், அடிமண் இறுகும்.

பொதுவாகப் பின் டயருக்கு வயல் வேலையில் 12 முதல் 16 பவுண்டு (பி.எஸ்.ஐ.) காற்று போதும். டிரெய்லரை இழுத்துச் சாலையில் போகும்போது கூடுதலாக வேண்டும். சரியான அளவை டயர் நிறுவனத்தின் அட்டவணையிலும் டிராக்டர் கையேட்டிலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நடைமுறையில் பலரும் சாலைக்கு அடித்த காற்றோடே வயலில் இறங்குகிறார்கள். காரணம் எளிது. வயலில் காற்றை இறக்கிவிட்டால், திரும்ப ஏற்றப் பஞ்சர் கடைக்குத்தான் போக வேண்டும். குறைந்த காற்றில் பாரத்தோடு சாலையில் ஓடினால் ரிம்மில் டியூப் நழுவி வால்வு அறுந்துவிடும். டயரின் பக்கவாட்டிலும் வெடிப்பு விழும். கையடக்க கம்பிரசர் பஞ்சருக்கு மட்டும் உதவுவதில்லை. பயமில்லாமல் காற்றை இறக்கவும் அதுதான் துணை.

வழுக்கலை நீங்களே அளக்கலாம்

பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிக்கொண்டு சக்கரம் 10 சுற்று சுற்றும் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். அடுத்து, கலப்பையை இறக்கி உழுதபடி 10 சுற்று. முன்னது 40 மீட்டர், பின்னது 32 மீட்டர் என்றால் வழுக்கல் 20 சதவிகிதம். வாடகைக்கு உழுபவருக்கு மணிக்கு 12 நிமிடக் காசு வீண் என்று அர்த்தம். 10 முதல் 15 சதவிகிதம் வரை இருப்பது இயல்பு. அதற்கு மேல் போனால் காற்றையும் எடையையும் கவனிக்க வேண்டும்.

கம்பிரசரில் எதைப் பார்ப்பது?

'150 பவுண்டு அடிக்கும்' என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். டிராக்டருக்கு அது முக்கியமில்லை. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தரும் என்பதைக் கேளுங்கள்.

13.6-28 அளவுப் பின் டயரின் கொள்ளளவு சுமார் 250 லிட்டர். அதில் ஒரு பவுண்டு ஏற்ற ஏறத்தாழ 17 லிட்டர் காற்று வேண்டும். 12-இலிருந்து 16-க்கு ஏற்ற ஒரு டயருக்கு 68 லிட்டர். நிமிடத்துக்கு 35 லிட்டர் தரும் கம்பிரசருக்கு இது 2 நிமிட வேலை. 12 லிட்டர் தரும் கார் பம்புக்கு 6 நிமிடம் ஆகும். முழுக்கக் காற்று இறங்கிய டயர் என்றால் அதே பம்பு 20 நிமிடம் ஓட வேண்டும், அதற்குள் சூடேறிவிடும்.

டிரெய்லர் டயர் சிறியது என்று ஏமாற வேண்டாம். 90 லிட்டர் கொள்ளளவுள்ள டயரில் 50 பவுண்டு ஏற்ற 300 லிட்டர் காற்று தேவை. அழுத்தம் ஏற ஏற கம்பிரசரின் வேகமும் குறையும்.

மற்றவை:

* மின்சாரம்: பேட்டரியில் நேரடியாகக் கிளிப் மாட்டும் 12 வோல்ட் வகையே நல்லது. வயரில் ஃபியூஸ் இருக்க வேண்டும். என்ஜினை நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு ஓடவிட்டுக் காற்று அடித்தால் பேட்டரி இறங்காது.
* ஓய்வு நேரம்: தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓடலாம், எத்தனை நிமிடம் ஆறவிட வேண்டும் என்று கையேட்டில் இருக்கும். வாங்கும் முன்பே பாருங்கள்.
* ஹோஸ்: பேட்டரியிலிருந்து பின் டயரின் வால்வு வரை எட்ட வேண்டும். வீட்டில் கயிறு பிடித்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.
* மீட்டர்: 150 வரை காட்டும் மீட்டரில் 12-க்கும் 14-க்கும் வித்தியாசம் தெரியாது. குறைந்த அழுத்தம் காட்டும் தனி மீட்டர் ஒன்று வாங்குங்கள். காலையில் டயர் ஆறியிருக்கும்போது அளங்கள்.

கேள்வியும் பதிலும்

*டயரில் தண்ணீர் நிரப்பியிருக்கிறோம். கம்பிரசர் பயன்படுமா?*
பயன்படும். வால்வு மேலே வரும்படி சக்கரத்தை நிறுத்திய பிறகே காற்று அடியுங்கள். முக்கால் பங்கு தண்ணீர் இருந்தால் காற்றுக்கு இடம் கால் பங்குதான். சீக்கிரம் ஏறும், சிறு கசிவிலும் சீக்கிரம் இறங்கும். எலுமிச்சைத் தோட்டத்தில் ஓடும் வண்டியில் முள் குத்திய கசிவு அடிக்கடி வரும் என்பதால் வாரம் ஒருமுறை பாருங்கள்.

*ரிம்மில் டயர் சரியாக உட்காரவில்லை. இன்னும் அழுத்தம் கொடுக்கலாமா?*
கூடாது. 35 பவுண்டுக்கு மேல் ஏற்றி உட்காரவைக்க முயன்றால் டயர் வெடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதைப் பஞ்சர் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள். எப்போது காற்று அடித்தாலும் டயருக்கு நேரே நிற்காமல் விலகி நில்லுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

*ஒரே டிராக்டருக்காக வாங்குவது கட்டுப்படியாகுமா?*
அக்கம்பக்கத்து டிராக்டர்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம். உழவர் உற்பத்தியாளர் குழு இருந்தால் அதன் வாடகைக் கருவிகளோடு சேர்க்கச் சொல்லலாம். மலிவான இரண்டு பம்புகளை விட, லிட்டர் கணக்குப் பார்த்து வாங்கிய ஒன்று மேல்.