நாம் பேசும் இடத்தின் சாவி யார் கையில்?

2021ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் திகதி, ‘பிரீநோட்’ என்ற இணைய அரட்டை வலையமைப்பை நடத்திவந்த தன்னார்வலர்கள் பலர் ஒன்றாகப் பதவி விலகினார்கள். உபுண்டு, விக்கிமீடியா, ஜென்டூ போன்ற பெரிய திறந்த மூல மென்பொருள் சமூகங்கள் ஆண்டுக்கணக்காகக் கூடிப் பேசிய இடம் அது. கணினி பயன்படுத்துவோரில் பெரும்பாலானோர் அதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால், அவர்களுடைய கணினிகளில் ஓடும் மென்பொருட்கள் பல அங்கு நடந்த உரையாடல்களின் ஊடாக வளர்ந்தவை.

நிரலை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்று வெளியிடப்படுவதுதான் திறந்த மூல மென்பொருள். அதை எழுதுபவர்கள் ஒரே அலுவலகத்தில் இருப்பதில்லை. ஒருவர் பிரேசிலில் இருப்பார், இன்னொருவர் ஜேர்மனியில் இருப்பார். ஒருவரையொருவர் நேரில் காணாமலேயே பல ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்வார்கள். அவர்களுக்குக் கூட்ட மண்டபமும் தேநீர்க்கடையும் அரட்டைத் தளம்தான்.

ஆகவே, எந்தத் தளத்தில் பேசுவது என்பது அவர்களுக்குப் பெரிய கேள்வி. எங்களுக்கும் அது தொலைவான கேள்வி அல்ல. ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், காணி மீட்புக்காக ஒன்றுசேர்ந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் என்று எத்தனையோ பேர் இன்று ஒரு வட்ஸ்அப் குழுவுக்குள்தான் கூடுகிறோம். எல்லோருடைய தொலைபேசியிலும் ஏற்கனவே இருந்தது என்பதைத் தவிர, அந்தத் தளத்தைத் தெரிவுசெய்ய எங்களில் பலருக்கு வேறு காரணம் இருந்ததில்லை. மென்பொருள் சமூகங்கள் பட்டு அறிந்த சில பாடங்கள் இந்த இடத்தில் எங்களுக்கு உதவும்.

பிரீநோட்டில் நடந்தது

பிரீநோட் இயங்கியது ஐ.ஆர்.சி என்ற முறையில். 1988இல் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் ஜார்க்கோ ஒய்காரினென் உருவாக்கியது அது. அதன் விதிமுறைகள் திறந்தவை. எவரும் ஒரு வழங்கியை, அதாவது சேர்வரை, நிறுவி அரட்டை நடத்தலாம். எவரும் அதற்கான செயலியை எழுதலாம்.

அன்றாட வேலையைச் செய்தவர்கள் தன்னார்வலர்கள். ஆனால், பிரீநோட்டின் பெயரில் இருந்த நிறுவனம் 2017இல் அன்ட்ரூ லீ என்ற தொழிலதிபரிடம் சென்றிருந்தது. 2021இல் தானே உரிமையாளர் என்று அவர் நின்றார். வலையமைப்பு விற்பனைக்குரிய பொருளே அல்ல என்று தன்னார்வலர்கள் நின்றார்கள். விலகியவர்கள் உடனடியாக ‘லிபெரா சற்’ என்ற புதிய வலையமைப்பைத் தொடங்கினார்கள். ஒரு வாரம் கழித்து, தமது அறிவிப்பு வரியில் லிபெராவின் பெயரைக் குறிப்பிட்டிருந்த நூற்றுக்கணக்கான அரட்டை அறைகளை பிரீநோட் நிர்வாகம் தன்வசப்படுத்தியது. ஜூன் நடுப்பகுதியில் அது புதிய மென்பொருளுக்கு மாறியபோது, பதிவுசெய்யப்பட்டிருந்த பயனர் பெயர்களும் அறைகளும் கொண்டுசெல்லப்படவில்லை. பல ஆண்டுகாலப் பதிவுகள் இல்லாமல் போயின.

இவ்வளவு நடந்தும் அந்தச் சமூகங்கள் சிதறவில்லை. சில வாரங்களுக்குள் பெரும்பாலானவை லிபெராவுக்குக் குடிபெயர்ந்தன. பழைய செயலியே போதுமாக இருந்தது, முகவரியை மட்டும் மாற்றினார்கள். அரட்டை முறை ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமாக இல்லாததால்தான் அது சாத்தியமானது.

இலவசம் எதுவரை?

2013இல் வந்த ஸ்லாக் செயலி ஐ.ஆர்.சியைவிட மிகவும் இலகுவானது. தொலைபேசியிலும் கணினியிலும் ஒரே உரையாடல், படங்கள், தேடல் எல்லாம் இருந்தன. பல சமூகங்கள் அங்கே போயின. ஐ.ஆர்.சி செயலி மூலமும் ஸ்லாக்குக்குள் பேசலாம் என்ற வழி முதலில் இருந்தது. 2018 மே மாதத்தில் அந்த வழி மூடப்பட்டது.

அதே ஆண்டு டிசம்பரில் ஈரானுடன் தொடர்புடைய பயனர்களின் கணக்குகளை ஸ்லாக் மூடியது. அமெரிக்காவின் பொருளாதாரத் தடைச் சட்டங்களே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். எந்த நாட்டு இணைய முகவரியிலிருந்து ஒருவர் நுழைந்தார் என்பதைப் பார்த்தே கணக்குகள் தெரிவுசெய்யப்பட்டிருந்ததால், வேறு நாடுகளில் வாழ்ந்தவர்களும் சிக்கினார்கள். நிறுவனம் பின்னர் மன்னிப்புக் கேட்டது.

இலவசக் கணக்குகளில் அண்மைய 10,000 செய்திகளைப் பார்க்கலாம் என்று இருந்த விதி 2022 செப்டெம்பரில் மாறியது. அதன்பின் 90 நாட்களுக்கு உட்பட்டவை மட்டுமே தெரிந்தன. 2024 ஓகஸ்ட் முதல் இலவசக் கணக்குகளில் ஓராண்டுக்கு மேற்பட்டவை அழிக்கப்படத் தொடங்கின. இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. வீட்டின் சொந்தக்காரர் வாடகை விதியை மாற்றினார், அவ்வளவுதான். இந்தப் பிழையை ஏன் இப்படித் திருத்தினோம் என்று மூன்று வருடங்களுக்கு முன் எழுதிவைத்த விளக்கத்தைத் தேடியவருக்கோ, அது அங்கே இருக்கவில்லை.

மொசில்லா எடுத்த முடிவு

திறந்த முறை என்பதற்காக மட்டும் ஐ.ஆர்.சியிலேயே இருந்துவிடலாமா? பயர்பொக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லா 2019இல் இந்தக் கேள்வியைப் பகிரங்கமாக எழுப்பியது. ஐ.ஆர்.சியில் ஒருவர் இணைப்பில் இல்லாத நேரத்தில் பேசப்பட்டது அவருக்குக் கிடைக்காது. புதியவர்கள் உள்ளே வரத் தடுமாறுவார்கள். இவற்றைவிடப் பாரதூரமான குறை, துன்புறுத்துபவர்களைத் தடுத்து நிறுத்துவது கடினம் என்பது. தடைசெய்யப்பட்டவர் வேறு பெயரில் உடனே திரும்பி வரலாம்.

மெட்ரமோஸ்ட், மெட்ரிக்ஸ், ரொக்கெட் சற், ஸ்லாக் ஆகிய நான்கையும் சமூகத்தினரைக் கொண்டு பரீட்சித்து, கருத்துக் கேட்டபின், டிசம்பரில் மெட்ரிக்ஸ் தெரிவுசெய்யப்பட்டது. 2020 மார்ச்சில் ஐ.ஆர்.சி வழங்கி நிறுத்தப்பட்டது. அவர்கள் முன்வைத்த நிபந்தனைகளில் பங்கேற்பாளர்களின் பாதுகாப்பும், நடத்தை விதிகளை நடைமுறைப்படுத்தக்கூடிய தன்மையும் முக்கிய இடம் பெற்றிருந்தன. ஒரு குழுவில் பெண்களும் புதியவர்களும் பேசப் பயந்து ஒதுங்கினால், அந்தத் தளம் எவ்வளவு திறந்ததாக இருந்தும் பயனில்லை.

மெட்ரிக்ஸ், மின்னஞ்சல் போன்ற அமைப்புக் கொண்டது. ஒவ்வொரு குழுவும் தனக்கென ஒரு வழங்கியை வைத்திருக்கலாம், வெவ்வேறு வழங்கிகளில் இருப்பவர்கள் ஒரே அறையில் பேசலாம். அறையின் உரையாடல் பங்குபற்றும் வழங்கிகளில் பிரதியாக இருப்பதால், ஒன்று நின்றாலும் மற்றவற்றில் அது தொடரும்.

இதற்கும் விலை உண்டு. வழங்கிக்கு மாதாமாதம் பணம் வேண்டும், அதைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். 2019 ஏப்ரலில் மெட்ரிக்ஸின் பிரதான வழங்கியே ஊடுருவலுக்கு உள்ளாகி, எல்லாப் பயனர்களும் வெளியேற்றப்பட்டார்கள். தமது குறியாக்கச் சாவிக்குப் பிரதி வைத்திருக்காதவர்கள், மறைகுறியாக்கப்பட்ட பழைய செய்திகளைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். சொந்த வீடு என்றால் கூரையையும் நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இடைவழியும் இருக்கிறது. சூலிப் என்ற திறந்த மூலத் தளம் ஒவ்வொரு உரையாடலையும் தலைப்பின் கீழ் பிரித்து வைக்கிறது. அதனால், நேர வேறுபாடுள்ள நாடுகளில் இருப்பவர்கள் காலையில் எழுந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். திறந்த மூலத் திட்டங்களுக்கு அந்த நிறுவனமே இலவச இடம் தருகிறது. பதிவுகளை முழுமையாக எடுத்துக்கொண்டு சொந்த வழங்கிக்குப் போகவும் வழி உண்டு.

இலங்கையில் இதன் பொருள்

2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை நடந்தபோது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் என்பன முடக்கப்பட்டன. 2019இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதி மக்கள் போராட்டத்தின்போதும் இதுவே நடந்தது. ஒவ்வொரு முறையும் முடக்கப்பட்டவை, எல்லோரும் கூடியிருந்த ஒருசில பெரிய தளங்கள். சொந்த வழங்கியையும் தடுக்கலாம், இணையமே துண்டிக்கப்பட்டால் எதுவும் வேலைசெய்யாது. இருந்தாலும், மாற்று வழி ஒன்றை முன்கூட்டியே பேசிவைத்த குழுவுக்கும் பேசிவைக்காத குழுவுக்கும் அந்த நாட்களில் பெரிய வித்தியாசம் இருந்திருக்கும்.

இங்கு இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வட்ஸ்அப்பில் செய்தியின் உள்ளடக்கம் மறைகுறியாக்கப்படுகிறது. ஆனால், தொலைபேசி இலக்கத்தை அடிப்படையாகக் கொண்ட குழுவில் சேர்வது, அறிமுகமில்லாதவர்களுக்கும் அந்த இலக்கத்தைக் காட்டுவதாகவே பெரும்பாலும் முடிகிறது. இங்கே சிம் அட்டையோ அடையாள அட்டையுடன் பதியப்படுவது. தொலைபேசியே இன்னொருவர் கைக்குப் போனால் எந்தக் குறியாக்கமும் காப்பாற்றாது. விசாரணைக்கு அழைக்கப்பட்ட அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதனால், திறந்த மூல சமூகம் எல்லாவற்றையும் பகிரங்கமாக வைப்பதுபோல நாங்களும் வைக்க முடியாது. எது நீண்டகாலம் இருக்க வேண்டிய பதிவு, எது அழிய வேண்டிய பேச்சு என்பதைக் குழு முதலில் பிரிக்க வேண்டும்.

தெரிவுசெய்ய முன் கேட்க வேண்டியவை

எங்கள் குழுவில் மிகக் குறைந்த வசதியுள்ளவரால், பழைய தொலைபேசியிலும் குறைந்த டேட்டாவிலும் இதைப் பயன்படுத்த முடியுமா? தமிழில் தட்டச்சு செய்யவும் தேடவும் முடியுமா? உள்ளே வர இலக்கமோ அடையாள அட்டையோ காட்ட வேண்டுமா? நிர்வாகி ஒருவர்தானா, அவர் வெளிநாடு போனாலோ தொலைபேசியைத் தொலைத்தாலோ என்ன நடக்கும்? ஒருவர் இன்னொருவரைத் துன்புறுத்தினால் யார் தலையிடுவார்? நாளை இந்தத் தளம் மூடப்பட்டால் எதை எடுத்துக்கொண்டு, எங்கே போய்ச் சந்திப்போம்?

இவற்றுக்குப் பதில் தேடிய பின்னும் பலர் வட்ஸ்அப்பிலேயே இருக்கக்கூடும். அது தவறல்ல. ஆட்கள் இல்லாத சிறந்த தளத்தைவிட ஆட்கள் இருக்கும் சாதாரண தளம் பயனுள்ளது. ஆனால், இன்றே செய்யக்கூடிய மூன்று வேலைகள் உண்டு. நம்பகமான இரண்டாவது நிர்வாகி ஒருவரை நியமியுங்கள். கூட்டத் தீர்மானங்களையும் முக்கிய ஆவணங்களையும் அரட்டைக்கு வெளியே, குழுவின் கையில் இருக்கும் ஓர் இடத்தில் பிரதியெடுத்து வையுங்கள். தளம் முடங்கினால் சந்திக்கும் அடுத்த இடத்தை இப்போதே முடிவுசெய்து எல்லோருக்கும் சொல்லுங்கள்.

பிரீநோட்டின் பதிவுகள் போன பின்னும் அந்தச் சமூகங்கள் பிழைத்ததற்குக் காரணம் இருந்தது. மென்பொருள் நிரலும் ஆவணங்களும் அரட்டை அறைக்கு வெளியே பத்திரமாக இருந்தன. புதிய முகவரி எதுவென்று ஒருவருக்கொருவர் சொல்லவும் அவர்களுக்கு வேறு வழிகள் இருந்தன.