மயலின் உறையும் மைக்ரோ ஆர்.என்.ஏ.யும்

மூளையைப் பற்றிப் பேசப் புகுவோர் நியூரான்களையே புகழ்ந்து முடித்துவிடுவதால், அவற்றோடு உடனிருந்து அவற்றைப் பேணிவரும் கிளியா அணுக்களின் பெருமை நம்மில் பலருக்கு எட்டாமலே இருக்கிறது. நரம்பு நார்களின்மேல் கொழுப்பு மிகுந்த மயலின் என்னும் உறையைப் பல சுற்றுகளாகச் சுற்றிவைப்பது இவற்றுள் ஒரு ஜாதி. அவ்வுறை இருப்பதனாலேயே, பருத்த நார்களில் நரம்புச் சைகை வினாடிக்கு 100 மீட்டர் வேகத்தையும் எட்டுகிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் இத்தொழிலை நடத்துபவை ஆலிகோடென்ட்ரோசைட்டுகள். இவற்றை 1921-இல் இனம் பிரித்து விவரித்தவர் ஸ்பெயின் தேசத்து அறிஞர் பியோ டெல் ரியோ ஓர்டேகா.

இவ்வணுக்களுக்கு இளம் பருவத்தில் பெருகுவது ஒன்றே காரியம். பெருக்கத்தைத் தூண்டும் ஜீன்கள் ஓய்ந்தாலொழிய உறையிடும் பக்குவம் வராது. அவற்றை ஓயச் செய்வதில் பெரும்பங்கு கொண்டவை மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள். சுமார் 22 எழுத்துகளே நீளமுள்ள இத்துணுக்குகள் தாமாக எந்தப் புரோட்டீனையும் ஆக்குவதில்லை; புரோட்டீன் ஆக்கும் கட்டளையைச் சுமந்துவரும் தூது ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு, அக்கட்டளை நிறைவேறாமல் தடுக்கின்றன. 1993-இல் ஒரு சிறு புழுவில் இவற்றின் இயல்பை வெளிப்படுத்திய விக்டர் ஆம்ப்ராஸ், கேரி ரவ்குன் இருவருக்கும் 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை அளவாக நறுக்கித் தருவது டைசர் என்னும் என்ஸைம். ஆலிகோடென்ட்ரோசைட்டு வம்சத்தில் மட்டும் அதை நீக்கி வளர்த்த எலிகளின் உடல் நடுங்கியதையும், அவற்றின் மூளையில் மயலின் வெகுவாகக் குறைந்திருந்ததையும் 2010-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் விவரித்தார்கள். மிர்-219 என்னும் ஒரே துணுக்கைத் திருப்பிக் கொடுத்தபோது, டைசர் இழந்த இளம் அணுக்கள் ஓரளவு முதிர்ந்தன என்பது அதனினும் ஆச்சரியம். வளர்ச்சித் தூண்டலை ஏற்கும் பி.டி.ஜி.எஃப். ஏற்பியையும், முதிர்ச்சியைத் தடுத்து நிற்கும் சாக்ஸ்6, ஹெஸ்5 புரோட்டீன்களையும் அது அடக்குகிறது. மிர்-338 அதற்குத் துணை நிற்கிறது. ஆக்கத்துக்கு வழிவிடுவது ஒரு தடையே என்னும் இந்த நியதியை, உயிரியலின் மிக அழகிய உண்மைகளுள் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

இது வெறும் தத்துவ விசாரமும் அன்று. மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் என்னும் நோயில் மயலின் அழிந்த இடங்களில், முதிராமல் தேங்கிவிட்ட இளம் அணுக்கள் பலவற்றைக் கண்டிருக்கிறார்கள். மிர்-219-ஐ ஒத்த செயற்கைத் துணுக்கை, மயலின் சிதைந்த எலிகளுக்குச் செலுத்தியபோது உறை மீண்டும் உருவாவது விரைவுற்றதென 2017-இல் அறிவித்தார்கள். மனிதருக்கு அதை மருந்தாக்குவதானால், அத்துணுக்கு சிதையாமல் மூளைக்குள் புகுந்து உரிய அணுவை அடையும் வழியை வகுத்தாக வேண்டும்.