எரிச்சல் இல்லாத சவரம்: முதல் ரேசரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

"ஷேவ் பண்ணினா கழுத்தெல்லாம் எரியுது, பொரிப்பொரியா கிளம்புது." மீசை அரும்பிய பையன் முதல் ஐம்பதைத் தாண்டியவர் வரை பலரும் சொல்லும் குறை இது. பெரும்பாலானோர் தங்கள் தோலின் மீதுதான் பழியைப் போடுகிறார்கள். சிலருக்கு அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பலருடைய சிக்கல் தோலில் இல்லை. மழுங்கிப்போன பிளேடை வைத்து அழுத்தி அழுத்தி இழுப்பதுதான் காரணம்.

மழுங்கியது தெரிந்தும் ஏன் மாற்றுவதில்லை? விலைதான் காரணம். மூன்று பிளேடு, ஐந்து பிளேடு அடுக்கிய கார்ட்ரிட்ஜ் ஒன்றைத் தூக்கிப்போட யாருக்கும் மனம் வராது. மாதக்கணக்கில் ஓட்டுவார்கள். இருபுறமும் கூரான ஒற்றை பிளேடைப் பொருத்தும் டபுள் எட்ஜ் ரேசரில் இந்தத் தயக்கம் இல்லை. பெட்டிக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண பிளேடுதான் அதற்கு வேண்டும். நினைத்தபோது மாற்றலாம். புதிதாகச் சவரம் தொடங்குபவர்களுக்கும், கார்ட்ரிட்ஜால் அவதிப்படுபவர்களுக்கும் இதை நான் பரிந்துரைக்க முதல் காரணம் இதுதான்.

ஒரு பிளேடு போதுமா?

போதும். கழுத்தில் பொரி கிளம்புபவர்களுக்கு அதுவே நல்லது. பல பிளேடு அடுக்கிய ரேசரில் முன்னால் போகும் பிளேடு முடியைப் பிடித்துச் சற்று வெளியே இழுக்கிறது; பின்னால் வருவது அதை வெட்டுகிறது. வெட்டுப்பட்ட முடி தோல் மட்டத்துக்குக் கீழே உள்வாங்கிவிடுகிறது. சுருட்டை முடிக்காரர்களுக்கு அது திரும்ப வளரும்போது வெளியே வர வழி தெரியாமல் தோலுக்குள்ளேயே வளைந்து குத்துகிறது. அந்த இடம் சிவந்து, வீங்கி, சில சமயம் சீழும் வைக்கிறது. பார்ப்பதற்குப் பரு போலவே இருந்தாலும் அது பரு இல்லை, உள்வளர்ந்த முடி. ஒற்றை பிளேடு முடியைத் தோல் மட்டத்திலேயே வெட்டுவதால் இந்தத் தொல்லை குறைகிறது.

டபுள் எட்ஜ் ரேசருக்கு அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட் 1904-இல் காப்புரிமை பெற்றார். 1921-இல் அந்த உரிமை காலாவதியானதும் யார் வேண்டுமானாலும் அதே அளவில் பிளேடு செய்யலாம் என்றாயிற்று. அதன் பலனை இன்றும் நாம் அனுபவிக்கிறோம். டோபாஸ், செவன் ஓ'க்ளாக், வில்கின்சன் ஸ்வோர்டு, சூப்பர் மேக்ஸ் என எந்தப் பெயரில் வாங்கினாலும் எந்த டபுள் எட்ஜ் ரேசரிலும் அது பொருந்தும். ஒரே கம்பெனியிடம் ஆயுளுக்கும் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

முதலில் ரேசரின் தலையைப் பாருங்கள்

விளம்பரங்கள் கைப்பிடியின் பளபளப்பைத்தான் காட்டும். தோலைத் தொடுவது தலைதான். பிளேடுக்கு மேலே வளைந்த மூடி, கீழே தடுப்புப் பட்டை, இரண்டுக்கும் நடுவில் வளைந்து நிற்கும் மெல்லிய பிளேடு. இதுதான் தலையின் அமைப்பு. பிளேடின் விளிம்புக்கும் தடுப்புப் பட்டைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, விளிம்பு எவ்வளவு தூரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்ற இரண்டும்தான் அந்த ரேசர் சாதுவானதா முரடானதா என்பதைத் தீர்மானிக்கின்றன.

புதியவருக்குச் சாதுவானதே வேண்டும். இடைவெளி அரை மில்லிமீட்டரிலிருந்து 0.7 மில்லிமீட்டர் வரை இருந்தால் பெரும்பாலும் சாது. இந்த அளவைப் பலர் பெட்டியில் போடுவதில்லை. விற்பனையாளரிடம் "மைல்டு" ரேசர் என்று கேளுங்கள். தடுப்புப் பட்டை நேர்கோடாக, பற்கள் இல்லாமல் இருக்கட்டும். சீப்பு போலப் பல் வைத்தவை பல நாள் தாடியை எடுக்க உதவும். அவற்றில் பல முரடானவையும்கூட. கைப்பிடியைத் திருகி இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் ரேசர்கள் கவர்ச்சியாக இருக்கும். கை பழகும் வரை அதற்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண் என்பது என் கருத்து.

சாதுவான ரேசர் ஒரே இழுப்பில் மழமழவென்று ஆக்காது. இரண்டாவது முறை நுரை போட்டு மழிக்க வேண்டியிருக்கும். அந்தக் கூடுதல் இரண்டு நிமிடத்தை மனமுவந்து கொடுங்கள்.

மூன்று துண்டா, பட்டாம்பூச்சியா?

கைப்பிடி, தடுப்புப் பட்டை, மூடி என மூன்றாகக் கழற்றக்கூடியது ஒரு வகை. கைப்பிடியின் அடியைத் திருகினால் தலை இரண்டு கதவாகத் திறப்பது இன்னொரு வகை. இதைத்தான் பட்டாம்பூச்சி ரேசர் என்கிறார்கள். பிளேடு மாற்றுவதற்குப் பின்னது வசதி. நடுங்கும் விரல்களுக்கு அதுவே பாதுகாப்பும்.

ஆனால் நம் ஊர்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருக்கிறது. அந்தத் தண்ணீரும் சோப்பும் சேர்ந்தால் திருகின் உள்ளே வெள்ளையாகப் படிந்து இறுகும். பட்டாம்பூச்சியின் உட்பகுதியைக் கழற்றித் தேய்க்க முடியாது. மூன்று துண்டு ரேசரைப் பழைய பல்துலக்கியால் ஒரு நிமிடத்தில் சுத்தம் செய்துவிடலாம். உப்புப் படிந்தால் தண்ணீர் கலந்த வினிகரில் சிறிது நேரம் போட்டுக் கழுவினால் விட்டுவிடும். உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்கள் மூன்று துண்டையே வாங்குங்கள்.

எவ்வளவு செலவழிக்கலாம்?

நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் பிளாஸ்டிக் ரேசரில் எடை இருக்காது. எடை இல்லாதபோது கை தானாக அழுத்தும், அழுத்தினால் வெட்டும். உலோக ரேசர் அறுபது முதல் நூறு கிராம் வரை இருந்தால் அதன் கனமே வேலை செய்யும்.

ஐநூறிலிருந்து ஆயிரம் ரூபாய்க்குள் நல்ல ரேசர் கிடைக்கிறது. இந்த விலையில் தலை பெரும்பாலும் குரோம் முலாம் பூசிய துத்தநாகக் கலவையாக இருக்கும். ஜெர்மனியின் மெர்க்கூர் போன்ற பெயர்பெற்ற தயாரிப்புகளிலும் தலை அதே கலவைதான் என்பதால் அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். முலாம் உரிந்தால்தான் உள்ளே அரிக்கத் தொடங்கும். அந்த உலோகத்தில் செய்த திருகு கீழே விழுந்தாலோ, முரட்டுத்தனமாக இறுக்கினாலோ உடையும். விரல் நுனியால் இறுக்கினால் போதும். பித்தளையோ எவர்சில்வரோ இருந்தால் பல்லாண்டு உழைக்கும். விலை கூடும். தொடக்கத்துக்கு அது தேவையில்லை. மிச்சமாகும் பணத்தில் நல்ல பிளேடும் ஷேவிங் பிரஷும் வாங்கிக்கொள்ளலாம்.

வாங்கியதும் செய்ய வேண்டிய ஒரு சோதனை

விலை மலிவான ரேசர்களில் பெரும்பாலும் காணும் குறை, பிளேடு கோணலாக உட்காருவது. முகத்தில் வைக்கும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும். பிளேடைப் போட்டு இறுக்கியபின் ரேசரின் தலையைக் கண்ணுக்கு நேராக, ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். தடுப்புப் பட்டைக்கு மேலே பிளேடின் விளிம்பு மெல்லிய வெள்ளிக் கோடாகத் தெரியும். அந்தக் கோடு இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை ஒரே அகலத்தில் இருக்கிறதா? இப்போது ரேசரைத் திருப்பி மறுபக்கம் பாருங்கள். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் சரி.

ஒரு ஓரம் அகலமாகவும் மறு ஓரம் ஒளிந்தும் இருந்தால் திருகைச் சற்றுத் தளர்த்தி, மூடியின் மேல் கட்டைவிரலால் அமுக்கியபடி மறுபடி இறுக்குங்கள். அப்படியும் கோணல் போகவில்லை என்றால் ரேசரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கோணல் ரேசர் ஒரு கன்னத்தில் முடியை விட்டுவிட்டு மறு கன்னத்தில் ரத்தம் எடுக்கும். பழகினால் சரியாகும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

பிளேடில் மிச்சம் பிடிக்காதீர்கள்

எஃகைவிட முடி சுமார் 50 மடங்கு மென்மையானது. அப்படியிருந்தும் எஃகு எப்படி மழுங்குகிறது? 2020-இல் 'சயின்ஸ்' இதழில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இதற்கு விடை சொன்னார்கள். முடி வளைந்து கொடுத்து விளிம்பின் மீது சாய்வாக மோதும்போது, எஃகின் நுண்கட்டமைப்பு சீராக இல்லாத இடங்களில் நுண்ணிய சில்லுகள் பெயர்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொக்கைகள்தான் அடுத்த நாள் முடியைப் பிடித்து இழுக்கின்றன.

ஐந்து முதல் ஏழு சவரத்துக்குள் பிளேடை மாற்றச் சொல்கிறது அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம். கெட்டியான தாடி உள்ளவர்கள் மூன்று, நான்கிலேயே மாற்றலாம். எண்ணிக்கையைவிடக் கன்னம் சொல்வதைக் கேளுங்கள்: சுருக்கென்று இழுத்தால் அன்றே அது குப்பைக்கு. எல்லா பிளேடும் எல்லோருக்கும் ஒத்துவராது. ஜப்பானின் ஃபெதர் மிகக் கூர்மையானது; கை பழகாதவருக்கு ஏற்றதல்ல. இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பாக்கெட் வாங்கி, தோலுக்கு இதமானதைக் கண்டுபிடியுங்கள். பிளேடைத் துணியில் துடைக்க வேண்டாம். விளிம்பும் கெடும், விரலும் வெட்டுப்படும். உதறிவிட்டு, குளியலறைக்கு வெளியே உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

முதல் சில வாரங்கள்

குளித்தபின் சவரம் செய்வது நல்லது. இல்லையென்றால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துண்டை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வையுங்கள். ஊறிய முடி எளிதில் வெட்டுப்படும். நுரை கெட்டித் தயிர் பதத்துக்கு வர வேண்டும். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அதற்கு மட்டும் ஒரு குவளை நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

கைப்பிடி தோலோடு சுமார் 30 டிகிரி சாய்ந்திருக்கட்டும். அழுத்தக் கூடாது. ஓரங்குலத்துக்கு மேல் இழுக்காமல், குட்டிக் குட்டியாக, முடி வளரும் திசையிலேயே மழியுங்கள். கழுத்தில் முடி ஒரே திசையில் வளராது. இரண்டு நாள் தாடியோடு விரலால் தடவினால் எங்கே எப்படிப் போகிறது என்று தெரியும். எதிர்த்திசையில் மழிப்பதை முதல் மாதம் மறந்துவிடுங்கள். கழுத்து அடிக்கடி பொரிபவர்கள் எப்போதுமே அதைத் தவிர்க்கலாம்.

சிறு கீறலுக்குப் படிகாரத்தை நனைத்து வைத்தால் ரத்தம் நிற்கும். அதன்பின் வாசனை குறைந்த மாய்ஸ்ச்சரைசர் போதும். எரியும் ஆஃப்டர் ஷேவ் தேவையில்லை.

யாருக்கு இது வேண்டாம்?

இதய நோய்க்காகவோ பக்கவாதத்துக்காகவோ ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், ரத்தம் உறையாமைக் கோளாறு உள்ளவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள் மின்சார ரேசரைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்குச் சிறு கீறலும் ஆறத் தாமதமாகலாம், சீழ் பிடிக்கலாம். காயம்பட்ட இடம் தழும்பாகத் தடித்து வளரும் இயல்புள்ளவர்களும், முகம் முழுக்கப் பழுத்த பரு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குங்கள். பொரிகள் இரண்டு வாரம் தாண்டியும் அடங்காமல் சீழ் வைத்தாலோ, தாடிக்குள் வட்டமாகத் தோல் உரிந்து முடி கொட்டினாலோ ரேசரை மாற்றிப் பயனில்லை. அது பூஞ்சையாகவோ பாக்டீரியாத் தொற்றாகவோ இருக்கலாம்.

கடன் கொடுக்கக் கூடாத பொருள்

கல்லூரி விடுதிகளில் ஒரே ரேசர் மூன்று அறைக்குச் சுற்றும். வீட்டில் அப்பாவும் மகனும் பகிர்ந்துகொள்வார்கள். அன்பில் செய்தாலும் இது ஆபத்து. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். அதன் நோய்த்தொற்று உள்ளவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத ரத்தத்துளி போதும். இதற்குத் தடுப்பூசி உண்டு. போடாத பெரியவர்கள் இப்போதும் போட்டுக்கொள்ளலாம். ஹெபடைட்டிஸ் சி-க்குத் தடுப்பூசி கிடையாது. தட்டையான மருக்களும் ரேசர் வழியாகப் பரவும். ஆளுக்கொரு ரேசர், ஆளுக்கொரு பிரஷ்.

சலூனில் டபுள் எட்ஜ் பிளேடைத்தான் பாதியாக முறித்துக் கத்தியில் செருகுவார்கள். மீதிப் பாதி மேசையில் கிடக்கும். உங்கள் கண் முன்னே புது உறையைப் பிரிக்கச் சொல்லுங்கள். அண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டார். பிளேடைக் கவனிப்பவர்கள்கூடக் கவனிக்காதது படிகாரக் கட்டி. காலையிலிருந்து வந்த எல்லோர் கீறலிலும் தேய்த்த அதே கட்டி உங்கள் முகத்துக்கும் வரும். "படிகாரம் வேண்டாம்" என்று சொல்லிவிடலாம்.

பழைய பிளேடு எங்கே போகிறது?

தாளில் சுற்றிக் குப்பையில் போட்ட பிளேடு, பையைக் கிழித்துக்கொண்டு தூய்மைப் பணியாளரின் கையைப் பதம் பார்க்கிறது. பலர் கையுறை இல்லாமல் வேலை செய்கிறார்கள். நாம் மிச்சம் பிடிக்காமல் மாற்றும் ஒவ்வொரு பிளேடுக்கும் இந்தப் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. மூடியுள்ள சிறு தகர டப்பா ஒன்றில் பிளேடு நுழையும் அளவுக்குக் கீறல் போட்டு, மூடியை டேப் ஒட்டி அடைத்துவிடுங்கள். ஒருவர் போடும் பிளேடுகளால் அது நிறைய ஆண்டுக்கணக்கில் ஆகும். நிறைந்ததும் கீறலையும் டேப்பால் மூடி, மேலே "பிளேடு" என்று பெரிதாக எழுதி, மற்ற குப்பையோடு கலக்காமல், உள்ளே இருப்பது என்னவென்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள்.