ஒளிக்கதிருக்கு வழி சொல்லும் பெட்டிகள்

மலேசியாவின் பத்து காஜா அருகே நிற்கும் கெல்லிஸ் காசல், 1926இல் முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் இறந்ததும் பாதியில் நின்றுபோன மாளிகை. ரப்பர் பணம் அவருடையது, உழைப்பில் பெரும்பங்கு தமிழருடையது. அந்த மாளிகையை வெயிலும் நிழலுமாகக் கணினித் திரையில் கொண்டுவர வேண்டுமானால், சுவர், தூண், வளைவு எல்லாவற்றையும் சிறு முக்கோணங்களாக்க வேண்டும். ஒரு மில்லியன் முக்கோணம் என்று வைத்துக்கொள்வோம்.

1920×1080 திரையில் சுமார் 2 மில்லியன் புள்ளிகள். புள்ளிக்கு ஒரு கதிரை அனுப்பி, அது முதலில் எந்த முக்கோணத்தில் படுகிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாகச் சோதித்தால் 2 டிரில்லியன் சோதனை. நிழலும் பிரதிபலிப்பும் தனிக் கணக்கு. சிக்கலான காட்சிகளில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட நேரம் இந்தச் சோதனைக்கே போகலாம் என்று 1980லேயே எழுதினார் கணினி வரைகலை ஆய்வாளர் டர்னர் விட்டட்.

தோட்டத்தில் ஒரு மரத்தைத் தேடிப் போகிறவர் எல்லா மரத்தையும் பார்ப்பதில்லை. எந்த டிவிஷன், எந்தக் காடு, எந்த நிரை என்று இறங்குவார். கணினியும் மாளிகையை ஒரு பெட்டிக்குள் அடைத்து, அதற்குள் இரண்டு பெட்டி, அவற்றுக்குள் இரண்டிரண்டு என்று பிரிக்கிறது. பெட்டியில் கதிர் படவில்லையா, உள்ளிருக்கும் ஆயிரக்கணக்கான முக்கோணங்களை அப்படியே விட்டுவிடலாம். மில்லியன் முக்கோணத்துக்குச் சுமார் 20 அடுக்கு போதும். பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் சில கதிர்கள் பல பெட்டிகளில் நுழைந்து திரும்பும்; அப்போதும் வேலை நூற்றுக்கணக்கான சோதனைகளுக்குள் அடங்கிவிடும்.

கிராஃபிக்ஸ் சில்லில்தான் சிக்கல். என்விடியா சில்லுகளில் 32 கதிர்கள் ஓர் அணியாக, ஒரே கட்டளையைச் சேர்ந்தே நிறைவேற்றும். கேமராவிலிருந்து புறப்படும் பக்கத்துப் பக்கத்துக் கதிர்கள் ஏறக்குறைய ஒரே பெட்டிகளுக்குள் போகும். கரடுமுரடான செங்கலில் பட்டுத் தெறித்தவையோ திசைக்கொன்றாய்ச் சிதறும். ஒன்று ஆழமாகத் தேடும்போது வேலை முடித்த மற்றவை சும்மா காத்திருக்கும். காகிதத்தில் சிறந்த பெட்டி அடுக்கு சில்லில் தோற்க இதுவும் ஒரு காரணம். சில்லில் இந்தத் தேடல் எவ்வளவு திறமையாக நடக்கிறது என்று ஆய்வாளர்கள் டிமோ ஐலா, சாமுலி லைன் இருவரும் 2009இல் அளந்தார்கள். 2018இல் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் அட்டைகள் பெட்டிச் சோதனைக்கும் முக்கோணச் சோதனைக்கும் தனிச் சுற்றையே வைத்தன. கதிர் சிதறுவதை அதுவும் நிறுத்தவில்லை.

அசையாத கட்டடத்துக்கு ஒருமுறை பெட்டி அடுக்கினால் போதும். காற்றில் ஆடும் மரக்கிளைகளுக்கோ ஒவ்வொரு காட்சிச் சட்டத்திலும் பெட்டியின் அளவைத் திருத்த வேண்டும். திருத்தத் திருத்தப் பெட்டிகள் பெருத்துப் படிந்து, தேடல் மந்தமாகும். அப்போது முழுவதையும் கலைத்துப் புதிதாக அடுக்குவதே மலிவு.