பெருக்குத் தொடர்வரிசையின் உறுப்புகளைக் காணல்

கணிதத்தில் '''பெருக்குத் தொடர்வரிசை''' என்பது, முதல் உறுப்பைத் தவிர்ந்த ஒவ்வொரு உறுப்பும் அதற்கு முந்தைய உறுப்பைச் சுழியமல்லாத ஒரு மாறா எண்ணால் பெருக்கக் கிடைக்கும் எண்களின் வரிசையாகும். அம்மாறா எண் பொது விகிதம் எனப்படும். இலங்கைப் பாடநூல்களில் இது பெருக்கல் விருத்தி என வழங்கப்படுகிறது.

== வாய்பாடு ==
முதல் உறுப்பு அ, பொது விகிதம் வ எனில், ந ஆவது உறுப்பு:

: அ × வ^(ந − 1)

இங்கு ^ என்பது அடுக்கைக் குறிக்கும். முதல் உறுப்பு ஒருமுறையும் பெருக்கப்படுவதில்லை. இரண்டாவது உறுப்பு ஒருமுறை பெருக்கப்படுகிறது. எனவே அடுக்கு எப்போதும் உறுப்பின் இடத்தைவிட ஒன்று குறைவாக இருக்கும்.

== எடுத்துக்காட்டுகள் ==
* 3, 6, 12, 24, ... இதில் அ = 3, வ = 2. எட்டாவது உறுப்பு 3 × 2⁷ = 384.
* 5, −10, 20, −40, ... இதில் வ = −2. ஆறாவது உறுப்பு 5 × (−2)⁵ = −160. பொது விகிதம் குறை எண் எனில் உறுப்புகளின் குறி மாறிமாறி வரும்.
* 81, 27, 9, ... இதில் வ = 1/3. ஏழாவது உறுப்பு 81 × (1/3)⁶ = 1/9.

== இரு உறுப்புகள் தரப்பட்டால் ==
மூன்றாவது உறுப்பு 12, ஐந்தாவது உறுப்பு 48 எனக் கொள்வோம். பின்னதை முன்னதால் வகுக்க, வ² = 4. ஆகவே வ = 2 அல்லது −2. இரண்டிலும் அ = 3. எனவே 3, 6, 12, 24, 48 என்பதும் 3, −6, 12, −24, 48 என்பதும் சரியான விடைகளே. குறை விகிதத்தை மறந்துவிடுவது மாணவர்கள் செய்யும் பொதுவான பிழையாகும்.

== சதுரங்கப் பலகையும் கணினியும் ==
சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு தானியம், அடுத்தடுத்த கட்டங்களில் இருமடங்கு என வைக்கும் கதையை 13 ஆம் நூற்றாண்டில் இபின் கல்லிக்கான் பதிவு செய்துள்ளார். 64 ஆவது கட்டத்திற்குரிய தானியங்கள்:

: 1 × 2⁶³ = 9,223,372,036,854,775,808

குறியுடைய 64 பிட்டு முழு எண்ணில் சேமிக்கக்கூடிய மிகப்பெரிய மதிப்பு 2⁶³ − 1 ஆகும். கடைசிக் கட்டத்தின் எண்ணிக்கை அதைவிடச் சரியாக ஒன்று கூடுதல். சாவா நிரலில் இவ்வகை மாறியைத் தொடர்ந்து இரட்டித்தால், 63 ஆவது கட்டம் வரை சரியான விடை கிடைக்கும். 64 ஆவது கட்டத்தில், பிழைச்செய்தி எதுவுமின்றி, −2⁶³ என்ற குறை எண் கிடைக்கும். எனவே வாய்பாட்டைக் கொண்டு உறுப்பின் அளவை முன்னரே கணித்த பின்பே மாறியின் வகையைத் தேர்வது நன்று.

== இவற்றையும் பார்க்கவும் ==
* கூட்டுத் தொடர்வரிசை
* அடுக்கேற்றம்