திதியும் ஷிப்டும்

நெடுஞ்சாலையோரத்து ஊர்கள் – 14

சேரப்பணஞ்சேரியில் அப்பாவுக்குத் தெவசம் வருகிற மாதம் பிறந்தால் வீட்டில் முதலில் தேடப்படுவது ஷிப்ட் அட்டவணை. சமையலறைச் சுவரில் ஒரே ஆணியில்தான் எல்லாம் தொங்கும். மேலே மாதக் காலண்டர். அதில் பென்சிலால் வட்டமிட்ட ஒரு திதி. அதற்குக் கீழே மூத்தவனின் ஏ, பி, சி. இளையவனுடையது செல்போனில் வரும், அதுவும் வாரத்துக்கு ஒருமுறைதான். மகள் வாக்கப்பட்டது சுங்குவார்சத்திரம் பக்கம். அவளுக்கு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி. மூன்றையும் ஒரு நாளில் கொண்டுவந்து நிறுத்த வேண்டியது அம்மாவின் பொறுப்பு.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், படப்பையைத் தாண்டி ஒரகடத்துக்கு முன்னால் இருக்கிற ஊர் இது. இந்த வட்டாரத்துக்கு ஆலைகள் வந்து ஒரு தலைமுறைதான் ஆகிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது 1998-ல். ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலை திறந்தது 2010-ல். அதற்கு முன்பு தெவசத்தன்று மாட்டை ஏரில் பூட்டாமல் விட்டால் போதும், லீவு ஆயிற்று. யாரிடமும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

இப்போது எழுதிக் கொடுக்க வேண்டும், அதுவும் முன்கூட்டியே. சம்பளத்தோடு கூடிய லீவுக்குக் குறைந்தது 15 நாள் முன்னதாக விண்ணப்பிக்கச் சொன்னது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 79-ஆம் பிரிவு. அதன்படி 2025 வரை, 240 நாள் வேலை செய்திருந்தால், 20 நாளுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் லீவு சேர்ந்தது. காண்ட்ராக்டில் இருப்பவருக்கு நடப்பில் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. வராத நாளுக்குச் சம்பளம் இல்லை, அவ்வளவுதான்.

சூப்பர்வைசருக்குப் புரியவைக்க முடியாத சங்கதி ஒன்று உண்டு. போன வருஷம் வந்த தேதியில் இந்த வருஷம் தெவசம் வராது. பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் ஏறத்தாழ 354 நாள். அதனால் திதி வருஷத்துக்கு 11 நாள் முன்னால் நகரும். அப்படி நகர்ந்து தமிழ் மாதத்தைத் தாண்டிவிடும்போது, ஒரேயடியாகப் பின்னால் தாவும். பெற்றோர் போன திதி தெரியாதவர்களும் கும்பிடுகிற மகாளய அமாவாசையைப் பார்த்தாலே தெரியும். 2024-ல் அது அக்டோபர் 2, புதன்கிழமை. 2025-ல் செப்டம்பர் 21, ஞாயிறு. 2026-ல் அக்டோபர் 10, சனிக்கிழமை.

2024 மாதிரி ஒரு வருஷம் அடிக்கடி வாய்க்காது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கையும் ஆலைகளுக்குக் கட்டாய விடுமுறையாக்குவது 1958-ஆம் ஆண்டின் தமிழகச் சட்டம். காந்தி பிறந்த நாளிலேயே மகாளய அமாவாசையும் வந்ததால், அந்த ஒரு வருஷம் முன்னோரைக் கும்பிட யாரும் லீவு எழுதவில்லை. ஒரே ஒரு சிக்கல்: அப்பாவின் படையலில் குவார்ட்டர் பாட்டில் வைக்கிற வீடுகள், டாஸ்மாக் மூடியிருக்கும் என்பதால் முதல் நாளே வாங்கி வைக்க வேண்டியிருந்திருக்கும்.

நாள் குறிப்பதிலேயே இன்னொரு வழக்கு உண்டு. நள்ளிரவுக்குப் பிறகு உயிர் போனால் அது எந்த நாள்? பாரதியார் திருவல்லிக்கேணியில் காலமானது 1921 செப்டம்பரில், இரவு ஒன்றரை மணி வாக்கில். ஆங்கிலக் கணக்கில் 12-ஆம் தேதி, பதிவேட்டிலும் அதுதான். ஆனால் நம் வழக்கில் நாள் மாறுவது சூரியன் உதிக்கும்போது. அதனால் 11-ஆம் தேதியே நினைவு நாளாக நெடுங்காலம் கொண்டாடப்பட்டது. நூற்றாண்டான 2021-ல் தமிழக அரசு ‘மகாகவி நாள்’ என்று அறிவித்ததும் செப்டம்பர் 11-ஐத்தான்.

நைட் ஷிப்ட் போகிறவருக்கு இது புதிராகவே இருக்காது. நள்ளிரவைத் தாண்டிச் செய்கிற வேலை நேரத்தை முந்தைய நாள் கணக்கில்தான் சேர்க்க வேண்டும் என்றது அதே தொழிற்சாலைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு. பஞ்சாங்கமும் பேக்டரி சட்டமும் கைகுலுக்கிக்கொண்ட இடம் இது ஒன்றுதான்.

தேதியையே பிடித்துக்கொள்கிறவர்களும் இந்தப் பக்கம் அதிகம். ஊரறிந்த உதாரணம் ஸ்ரீபெரும்புதூரிலேயே இருக்கிறது. ராஜீவ் காந்தி கொல்லப்பட்டது 1991 மே 21. ஆண்டுதோறும் அந்தத் தேதியில் நினைவிடத்தில் மாலை விழுகிறது. மகன் ராகுல் 2022-ல் அங்கே வந்து நின்றதோ செப்டம்பர் 7 அன்று, கன்னியாகுமரியில் நடைப்பயணம் தொடங்கப் போகிற வழியில். போகிற வழியில் கும்பிட்டுவிட்டுப் போவது சேரப்பணஞ்சேரிக்கும் பழக்கமானதுதான். “அண்ணே, எனக்கு வாரத்துல ஞாயித்துக்கெழம மட்டுந்தான் லீவு. அன்னிக்கே அப்பாவக் கும்புட்டுக்கலாமே, அவரு கோச்சுக்கவா போறாரு?” என்று தங்கை போனில் கேட்பாள். அண்ணன் பதில் சொல்லமாட்டான். அம்மாதான் முடிவெடுக்க வேண்டும். திதியன்று காக்கைக்குச் சோறு, ஞாயிற்றுக்கிழமை பங்காளி, சம்பந்தி எல்லோருக்கும் சாப்பாடு என்று இரண்டாகப் பிரித்துவிடுவது இப்போது பல வீடுகளில் நடைமுறை.

சாஸ்திரப்படி செய்கிறவர்களுக்கு இந்தச் சலுகையும் இல்லை. பகலை ஐந்தாகப் பிரித்தால் நான்காவது பங்கு அபராண்ணம். அந்த நேரத்தில் திதி இருக்க வேண்டும். ஆறு மணிக்கு விடிந்து ஆறு மணிக்கு அஸ்தமித்தால், அது பிற்பகல் 1.12 முதல் 3.36 வரை. பல ஆலைகளில் முதல் ஷிப்ட் விட்டு, அடுத்த ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வந்து நிற்கிற நேரம்.

சமையலில் மட்டும் தகராறு குறைவு. சிராத்தச் சமையல் செய்கிற வீட்டில் அன்று மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் எதுவும் அடுப்பேறாது. முதல் மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. கோஸ் ஐரோப்பாவிலிருந்து வந்தது. காரத்துக்கு மிளகு, காய்க்கு வாழைக்காய், பாகல், புடலை, அவரை. போர்த்துகீசியர் வருவதற்கு முந்தைய தமிழ்ச் சாப்பாடு எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர், எந்த ஹோட்டலுக்கும் போக வேண்டாம். ஒரு திவசத்துக்குப் போய் உட்காரலாம். படையல் போடுகிற வீட்டின் கணக்கு வேறு. போனவர் விரும்பித் தின்றது எதுவோ அது இலைக்கு வரும்: கருவாட்டுக் குழம்பு, ஆட்டுக்கறி, ஒரு கட்டு பீடி. பக்கத்தில் புது வேட்டி.

மாடியில் குடியிருக்கிற பீகார் பையன்களுக்கும் அன்று கீழிருந்து சாப்பாடு போகும். அவர்கள் ஊர்க் கயாவுக்குத்தான் இங்கிருந்து ரயிலேறிப் போய்ப் பிண்டம் போட்டுவிட்டு வருகிறார்கள் என்று வீட்டுக்காரம்மா சொன்னால், அந்தப் பையன்களுக்கு அது பெரிய ஆச்சரியம்.

விளக்கு வைக்கிற நேரத்தில் படையல் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கலைந்துவிடுவார்கள். பி ஷிப்டில் மாட்டிக்கொண்ட இளையவனுக்கு மட்டும் ஓர் இலை மூடியபடி இருக்கும். அவன் பஸ் இறங்கி, கால் கழுவி, அப்பா படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தும்போது மணி 12.40 ஆகியிருக்கும். காலண்டரில் தேதி மாறி நாற்பது நிமிஷம். பஞ்சாங்கத்துக்கும் பழைய 57-ஆம் பிரிவுக்கும் இன்னும் அதே நாள்தான். வடை ஆறிப்போயிருக்கும், ரசத்தைச் சுடவைக்க அம்மா எழுந்திருப்பார்.